உயில் பதிவு: சார்பதிவாளர் அலுவலகம் தருவது எது, தராதது எது

தமிழ்நாட்டில் குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல அரசுச் சேவைகளில் உயில் பதிவும் ஒன்று. முத்திரைத்தாள் வேண்டாம். வழிகாட்டி மதிப்பைப் பார்த்துக் கட்டணம் போட மாட்டார்கள்; ஒரு வீடு எழுதினாலும் ஒன்பது வீடு எழுதினாலும் பதிவுக் கட்டணம் ஒன்றுதான். சொத்து எந்த ஊரில் இருந்தாலும் நமக்குப் பக்கத்தில் இருக்கும் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே பதியலாம். கிரயப் பத்திரத்துக்கு உள்ள நான்கு மாதக் கெடுவும் உயிலுக்கு இல்லை. எழுதிப் பத்து வருடம் கழித்துக் கொண்டுபோனாலும் வாங்கிக்கொள்வார்கள். இத்தனையும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கொடுத்த வசதி.

ஆனாலும் பதிந்த உயில்கள் நீதிமன்றத்தில் தோற்றுக்கொண்டேதான் இருக்கின்றன. பத்திர ஆபீஸ் முத்திரை விழுந்ததும் இனி யாரும் அசைக்க முடியாது என்று குடும்பம் நம்பிவிடுவதுதான் முக்கியமான காரணம். சட்டம் உயிலுக்குப் பதிவைக் கட்டாயமாக்கவே இல்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 63 கட்டாயமாகக் கேட்பது எழுதியவரின் கையெழுத்தையும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தையும்தான். அந்த இரண்டில் கோளாறு இருந்தால் பதிவு அதைச் சரிசெய்யாது. அதனால் இந்தச் சேவையை எடைபோடும்போது, கவுண்டரில் என்ன நடக்கிறது என்பதோடு கவுண்டருக்குப் போகும் முன்பு என்ன நடந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

கவுண்டரில் நடப்பது

பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் கணக்குத் தொடங்கி, ஆவண வகையில் உயிலைத் தேர்ந்தெடுத்து, எழுதிவைப்பவரின் விவரங்களை ஏற்ற வேண்டும். கட்டணத்தையும் அங்கேயே கட்டிவிட்டு டோக்கன் எடுத்துக்கொள்ளலாம். கட்டணத்தை அன்றைய அட்டவணையில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பத்திர எழுத்தர் சொல்லும் மொத்தத் தொகையில் அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும். குறித்த நாளில் உயில் எழுதியவர் நேரில் போக வேண்டும். அசல் உயில், அவருடைய அடையாள அட்டை, அவரை அடையாளம் காட்ட இரண்டு பேர், அந்த இருவரின் அடையாள அட்டைகள் ஆகியவை தேவை. இதை நீங்கள்தான் எழுதினீர்களா, கையெழுத்து உங்களுடையதா என்று சார்பதிவாளர் கேட்பார். புகைப்படமும் விரல்ரேகையும் எடுப்பார்கள். உயில் ஸ்கேன் ஆகி, உயில்களுக்கான பதிவேடான புத்தகம் 3-இல் ஒரு எண் பெற்று, அசல் கைக்குத் திரும்பி வரும்.

எழுதியவர் படுத்த படுக்கையாக இருந்தால், காரணம் காட்டி விண்ணப்பித்து, அதற்கான கட்டணம் கட்டினால் வீட்டுக்கே வந்து பதிந்து தருவார்கள். பதிவுச் சட்டத்தின் பிரிவு 31 தரும் இந்த வசதியைப் பலர் கேட்பதே இல்லை. முடியாத பெரியவரை நாற்காலியில் வைத்து அலுவலகப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அப்படித் தூக்கிப்போன காட்சியே பின்னால் குறுக்கு விசாரணையில் 'சுய நினைவோடு இல்லாதவரைக் கொண்டுபோனார்கள்' என்று திரும்பி வரும். விண்ணப்பம் எழுதுவது எவ்வளவோ மேல்.

இந்தச் சேவையில் எங்களுக்கு மிகவும் பிடித்தது புத்தகம் 3-இன் ரகசியம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் நியமித்தவருக்கோ தவிர வேறு யாருக்கும் நகல் கிடைக்காது. மகனோ மருமகனோ போய்க் கேட்டாலும் தர மாட்டார்கள். வில்லங்கச் சான்றிலும் உயில் ஏறாது, ஏனென்றால் வில்லங்கச் சான்று போடுவது சொத்துப் பத்திரங்களுக்கான புத்தகம் 1-ஐ வைத்து. இதே ரகசியம் ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது: உயில் இருப்பது யாருக்குமே தெரியாவிட்டால், எழுதியவர் போன பிறகு வில்லங்கச் சான்று எடுத்துத் தேடினாலும் அகப்படாது. எந்த அலுவலகம், எந்த ஆண்டு, என்ன எண் என்ற மூன்று விவரத்தையும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமலே, நம்பகமான ஒருவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

அலுவலகம் செய்யாதது இது. எழுதியவருக்கு அந்தச் சொத்தில் உண்மையிலேயே உரிமை உண்டா என்று தீர்மானிப்பது அதன் வேலை இல்லை. வாசகம் சட்டப்படி நிற்குமா என்றும் அது சொல்லாது. பதிந்த உயிலை மாற்ற இன்னொரு பதிந்த உயில் வேண்டும் என்று ஊரில் பேசிக்கொள்வதும் தவறு. கடைசியாக எழுதிய உயில்தான் செல்லும். 2015-இல் பதிந்த உயிலை, 2024-இல் வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிகளோடு கையெழுத்துப் போட்ட பதியாத உயில் முழுக்க ரத்து செய்துவிடும். உயிலை மாற்றினால் புதியதையும் கட்டாயம் பதியுங்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். ஒன்று பதிந்ததும் இன்னொன்று பதியாததுமாக இரண்டு உயில்கள் இருந்தால் வழக்கு வந்தே தீரும்.

இரண்டு சாட்சிகள்

பதிவின்போது முதுகுப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் இருவர் அடையாளம் காட்டும் சாட்சிகள். இவர்தான் இன்னார் என்று சார்பதிவாளருக்குச் சொல்வதோடு அவர்கள் வேலை முடிகிறது. உயிலின் கடைசிப் பக்கத்தில் எழுதியவரின் கையெழுத்துக்குக் கீழே போடுபவர்கள் சான்றொப்பமிடும் சாட்சிகள். சட்டம் கேட்பது இவர்களைத்தான். இரண்டு வேலையையும் ஒரே இருவர் செய்யலாம், அதுவே வசதியும்கூட. ஆனால் அலுவலக வாசலில் நிற்கும் யாரோ இருவரைப் பிடித்து அடையாளச் சாட்சியாகப் போட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் எழுத்தர் கையெழுத்தும் இன்னொரு கையெழுத்தும் இருந்தால் போதும் என்று விட்டுவிடும் இடங்கள் உண்டு. இருபது வருடம் கழித்து அந்த வாசல் சாட்சியை எங்கே போய்த் தேடுவது?

தேடித்தான் ஆக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 67, சான்றொப்பமிட்ட சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்து நீதிமன்றம் அழைக்கக்கூடிய நிலையில் இருந்தால், அவரைக் கூண்டில் ஏற்றாமல் உயிலை ஆதாரமாகப் பயன்படுத்த முடியாது என்கிறது. பழைய 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இது பிரிவு 68. பதிவான மற்ற ஆவணங்களுக்கு இதில் ஒரு விலக்கு உண்டு, அந்த விலக்கிலிருந்து உயிலை மட்டும் பெயர் சொல்லி வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். பதிவு செய்தாலும் சாட்சி வந்துதான் ஆக வேண்டும்.

வந்தவர் என்ன சொல்ல வேண்டும் என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எழுதியவர் கையெழுத்திட்டதைப் பார்த்தேன், நானும் போட்டேன் என்று மட்டும் சொன்னால் போதாது. மற்றச் சாட்சியும் எழுதியவர் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்பதும் நிரூபணமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் ஜானகி நாராயண் போயிர் வழக்கில் சொல்லியிருக்கிறது. இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று பிரிவு 63 கேட்கவில்லைதான். ஆனாலும் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று கையெழுத்து வாங்கினால், கூண்டில் ஏறுகிற ஒருவரால் அடுத்தவரைப் பற்றிச் சொல்ல முடியாது. அதனால் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே தடவையில், ஒருவர் போடுவதை மற்றவர் பார்த்திருக்கப் போட்டு முடிப்பதுதான் சரி. சாட்சிக் கையெழுத்துக்கு மேலே இப்படி ஒரு வாசகம் இருக்கட்டும்:

'மேற்கண்ட உயிலை எழுதிவைத்தவர் முழுவதும் படித்துப் பார்த்து, எங்கள் இருவர் முன்னிலையிலும் கையெழுத்திட்டதை நாங்கள் நேரில் பார்த்தோம். அவர் முன்னிலையில், எங்களில் ஒருவர் கையெழுத்திடுவதை மற்றவர் பார்த்திருக்க, நாங்கள் இருவரும் சாட்சிக் கையெழுத்திட்டோம்.'

இந்த இரண்டு வரிகள் இல்லாத உயில் செல்லாது என்று அர்த்தமில்லை. சாட்சிக்கு நினைவு மங்கிய காலத்தில் அவருக்குக் கைகொடுப்பவை இவைதான்.

யாரைச் சாட்சியாக வைப்பது? எழுதுபவரைவிடப் பதினைந்து, இருபது வயதாவது குறைந்தவர். ஊரிலேயே நிலையாக இருப்பவர். சொத்தில் ஒரு பைசா ஆதாயமும் இல்லாதவர். எழுபது வயதுக்காரர் தன் வயது நண்பர்கள் இருவரைச் சாட்சியாக வைப்பதுதான் நம் ஊர் வழக்கம். மூவரும் அடுத்தடுத்துப் போய்விட்டால், கையெழுத்து இன்னாருடையதுதான் என்று வேறு ஆட்களை வைத்து நிரூபிக்கும் கடினமான வழியே மிஞ்சும். சாட்சியின் தகப்பனார் பெயர், வயது, முழு முகவரியையும் எழுதுங்கள். வயதானவர் உயில் என்றால், அவரைப் பார்த்துவரும் மருத்துவரே ஒரு சாட்சியாக இருப்பது மிகப் பெரிய பலம். அது முடியாவிட்டால், தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று அதே நாள் தேதியிட்ட சான்றாவது வாங்கி உயிலோடு வையுங்கள்.

பங்கு வாங்குபவர் சாட்சியாக இருக்கலாமா என்ற கேள்விக்கு மதத்தைப் பொறுத்துப் பதில் மாறும். கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 67 நேரடியாகப் பொருந்தும்: சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது. இந்துக்களுக்குப் பொருந்தும் பிரிவுகளின் பட்டியலில் 67 இல்லை, ஆகவே அந்தக் காரணத்தால் மட்டும் பங்கு போகாது. ஆனால் சந்தேகத்துக்கு இடம் கொடுத்தவர் நீங்களே ஆவீர்கள். கிறிஸ்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: உயில் எழுதிய பிறகு திருமணம் செய்துகொண்டால் பழைய உயில் பிரிவு 69-இன்படி தானாகவே ரத்தாகிவிடும். இந்துக்களுக்கு அப்படி இல்லை. முஸ்லிம்களுக்கு இந்தச் சட்டத்தின் உயில் விதிகளே பொருந்தாது; ஈமச் செலவும் கடனும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வசிய்யத் (உயில்) செய்ய வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

எழுதித் தருபவர்கள்

பத்திர எழுத்தரிடம் கிடைப்பது வேகம். புல எண், உட்பிரிவு, நான்கெல்லை, மூலப் பத்திர எண் எல்லாவற்றையும் பிழையில்லாமல் இறக்குவதில் நல்ல எழுத்தரை மிஞ்ச ஆள் இல்லை. சொத்து விவரம் மட்டும் சிக்கலாக இருந்து குடும்பம் சிக்கலில்லாமல் இருந்தால் அவர் போதும். அவரிடம் உள்ள பலவீனம், பழைய படிவம். 'எனக்கு வயதாகிவிட்டபடியாலும் நரை திரை வந்துவிட்டபடியாலும்' என்று தொடங்கும் அதே வாசகம் நாற்பது வயதுக்காரர் உயிலிலும் வந்து உட்காரும். சில இடங்களில் உயில் எதற்கு, தான செட்டில்மென்ட் போட்டுவிடுங்கள் என்று சொல்வார்கள். அதற்குத் தலையாட்டும் முன் யோசியுங்கள். உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் நடப்புக்கு வரும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் எழுதிப் பதிந்த அன்றே சொத்து கைமாறிவிடும். பிள்ளை பிறகு சோறு போடாவிட்டால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 23 இருக்கிறதே என்றால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்தால்தான் அது உதவும்.

சிவில் வழக்கறிஞரிடம் போனால் செலவு கூடும், ஆனால் கேள்விகளும் கூடும். இது சுயசம்பாத்தியமா, பூர்வீகமா? முதல் மனைவி வழியில் பிள்ளைகள் உண்டா? ஒரு பிள்ளையை ஒதுக்குகிறீர்களா? இந்தக் கேள்விகளில் ஒன்றுக்காவது 'ஆம், கொஞ்சம் சிக்கல்தான்' என்று பதில் வந்தால் வழக்கறிஞர் கட்டணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது.

இணையத்தில் உயில் செய்து தரும் சேவைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. கேள்விகளை வரிசையாகக் கேட்டு, வங்கிக் கணக்கு, மியூச்சுவல் ஃபண்ட், டீமேட் எதுவும் விட்டுப்போகாமல் பட்டியல் போடுவதற்கு நல்ல கருவி. அதற்கு மேல் அதிலிருந்து எதிர்பார்க்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, தன் முதல் அட்டவணையில் உயிலை விலக்கிவைத்திருக்கிறது. ஆதார் ஓடிபி போட்டு மின்கையெழுத்திட்ட உயில் உயிலாகாது. தாளில் அச்சிட்டு மையால் கையெழுத்திட்டு, சாட்சிகளும் நேரில் போட வேண்டும். வீடியோவில் பேசிவைப்பதும் உயிலாகாது, துணை ஆதாரமாக மட்டும் உதவலாம். இந்தத் தளங்களின் வாசகம் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த அம்மா ஆங்கில உயிலில் கையெழுத்துப் போட்டிருந்தால், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் அதில்தான் முதலில் கைவைப்பார். அவரவருக்குத் தெரிந்த மொழியில் எழுதுங்கள். கைநாட்டு என்றால், படித்துக் காட்டி விளக்கிய பிறகே வைத்தார் என்றும் படித்துக் காட்டியவர் யார் என்றும் வாசகத்தில் சேர்க்க வேண்டும்.

சொந்தக் கையால் எழுதுவதும் முற்றிலும் சரியானதே. சட்டச் சொற்கள் தேவையில்லை என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 74 தெளிவாகச் சொல்கிறது. எண்ணம் புரிந்தால் போதும். ஸ்டாம்ப் பேப்பர் வாங்காதீர்கள். அதனால் உயிலுக்கு ஒரு பலமும் வராது. தாள் விற்ற தேதியும் உயில் தேதியும் முன்பின்னாக இருந்தால் வீண் சந்தேகம் வரும். நல்ல தடித்த வெள்ளைத்தாள் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, பக்க எண், 'மொத்தம் 4 பக்கங்கள்' என்ற குறிப்பு இருக்கட்டும். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே வெற்றிடம் விடாதீர்கள். அடித்தல் திருத்தல் வந்தால் பக்கத்து ஓரத்திலேயே எழுதியவரும் இரு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும், அதைவிட அந்தப் பக்கத்தை மறுபடி அச்சிடுவது எளிது.

வாசகத்தில் விழும் ஓட்டைகள்

அடிக்கடி பார்க்கும் முதல் ஓட்டை, தன்னுடையது அல்லாததை எழுதுவது. பூர்வீக நிலம் நான்கு ஏக்கரையும் இரண்டு மகன்களுக்குப் பிரித்து எழுதிவிட்டு, மகளுக்குத்தான் நகை போட்டாயிற்றே என்று முடித்துவிடுவார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் வந்த 1989 திருத்தமும் நாடு முழுவதற்குமான 2005 திருத்தமும் மகளைப் பிறப்பாலேயே பங்காளியாக்கின. 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தந்தை உயில் எழுத முடிவது அந்த நிலத்தில் தன் பங்கை மட்டும்தான். சுயசம்பாத்தியச் சொத்து என்றால் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஆகவே ஒவ்வொரு சொத்துக்கும் அது எப்படி வந்தது என்ற ஒரு வரி கட்டாயம் வேண்டும்: இன்ன ஆண்டு, இன்ன அலுவலகம், இன்ன எண் கிரயப் பத்திரப்படி என் சம்பாத்தியத்தில் வாங்கியது.

சொத்து விவரம் மொட்டையாக இருப்பது அடுத்தது. 'நான் குடியிருக்கும் வீடு' என்று எழுதியவர் பிறகு வீடு மாறினால் எந்த வீடு? மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு, பட்டா எண், சதுர அடி அல்லது சென்ட் அளவு, கதவு எண் எல்லாம் வேண்டும். அடுக்ககம் என்றால் பிரிக்கப்படாத நிலப் பங்கையும் கார் நிறுத்துமிடத்தையும் சேர்த்து எழுத வேண்டும். பெயர் குறித்து எழுதிய சொத்தைப் பிறகு விற்றுவிட்டால், பணம் வங்கியில் இருந்தாலும் அந்தப் பங்கு காலாவதியாகிவிடும். பங்கு வாங்க வேண்டியவர் முன்னால் இறந்துவிட்டாலும் அப்படித்தான். அவர் எழுதியவரின் மகனோ மகளோ பேரப்பிள்ளையோ ஆக இருந்து, அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. மனைவிக்கு எழுதும்போது 'அவர் எனக்கு முன் காலமானால் இன்னாருக்கு' என்று இரண்டாம் பெயர் போடுங்கள். கடைசியில் 'மேலே சொல்லாததும், இனி எனக்கு வரப்போவதுமான எல்லாச் சொத்தும் இன்னாருக்கு' என்ற மிச்சச் சொத்து வாசகமும் இருக்கட்டும். அது இல்லாத உயிலில், பிறகு வாங்கிய மனைக்கு உயிலே இல்லாத கணக்காகிவிடும்.

'மனைவி ஆயுள் வரை அனுபவித்து, அவருக்குப் பின் மகன்கள் அடைய வேண்டியது' என்பது நம் உயில்களில் நிரந்தரமாக வரும் வரி. எழுதியவரின் நோக்கம் நல்லதுதான். ஆனால் ஜீவனாம்ச உரிமைக்காகக் கொடுத்த ஆயுள்கால உரிமை இந்து வாரிசுரிமைச் சட்டப் பிரிவு 14(1)-இன்படி முழு உரிமையாகிவிடும் என்று 1977 துளசம்மா தீர்ப்பு சொல்கிறது; உயிலே புதிதாக வரம்போடு தந்த உரிமை என்றால் 14(2)-இன் கீழ் அப்படி ஆகாது என்று வேறு தீர்ப்புகள் சொல்கின்றன. இந்த முரணைத் தீர்க்கச் சொல்லி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மனைவிக்கு வீட்டை முழுசாகவே எழுதிவிடுவதுதான் எங்கள் கண்ணுக்குச் சரியாகப் படுகிறது. இந்துக் கணவன் உயில் எழுதாமல் போனால் அவருடைய தாய், மனைவி, பிள்ளைகள் எல்லாருக்கும் சமப் பங்கு. மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் மனைவிக்கு நாலில் ஒன்றுதான்.

பெண்கள் உயில் எழுதுவது இதைவிட அவசரம், ஆனால் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. பிள்ளை இல்லாத, கணவனை இழந்த ஓர் இந்துப் பெண் தன் சம்பளத்தில் வாங்கிய வீடு, உயில் இல்லாவிட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப் பிரிவு 15-இன்படி முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். அவளைப் படிக்கவைத்த அப்பா அம்மாவின் முறை அதற்குப் பிறகுதான். வேலைக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணும் முதல் சொத்து வாங்கியதுமே எழுதிவிட வேண்டிய காகிதம் இது.

ஒரு பிள்ளைக்குக் குறைத்தோ இல்லாமலோ எழுதினால் காரணத்தை ஒரு வரியில், கோபமில்லாமல் சொல்லுங்கள். 1958-இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்ததுதான் இன்றும் அளவுகோல்: சந்தேகச் சூழல் இருந்தால் அதைப் போக்கும் பொறுப்பு உயிலைக் காட்டுபவருடையது. நடுங்கும் கையெழுத்து, காரணமில்லாமல் ஒதுக்கிய வாரிசு, உயில் தயாரிப்பில் முன்னின்ற, பங்கு வாங்குபவர் ஆகிய மூன்றும் அந்தச் சந்தேகச் சூழலில் சேரும். பங்கு வாங்கப்போகும் பிள்ளை எழுத்தரைத் தேடிப்பிடித்து, வண்டி வைத்து அழைத்துப்போய், கட்டணமும் கட்டினால், தன் உயிலைத் தானே பலவீனப்படுத்துகிறார்.

நாமினி போட்டிருக்கிறேனே என்று உயிலைத் தள்ளிப்போடாதீர்கள். பணத்தை வாங்கிவைத்து வாரிசுகளிடம் சேர்க்க வேண்டிய கைதான் நாமினி என்று 1983-இல் சர்பதி தேவி வழக்கிலும், நிறுவனப் பங்குகளுக்கும் அதுவே என்று 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காப்பீட்டில் மட்டும், 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம்.

மூடிய உறையும், பிறகு வரும் வேலையும்

உள்ளே இருப்பதை அலுவலகம்கூடப் பார்க்க வேண்டாம் என்று நினைப்பவர்களுக்குப் பதிவுச் சட்டத்தின் பிரிவு 42 இன்னொரு வழி தருகிறது: முத்திரையிட்ட உறையில் வைத்து, மேலே பெயரும் உள்ளே இருப்பது உயில் என்ற குறிப்பும் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். இதைச் சார்பதிவாளர் வாங்க மாட்டார். புத்தகம் 5-இல் பதிந்து தீப்பிடிக்காத பெட்டியில் வைப்பார்கள். வேண்டும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பாதுகாப்பு என்ற வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாட்சிக் கையெழுத்து விட்டுப்போயிருந்தால் அது தெரியவருவது எழுதியவர் இறந்து உறையைத் திறக்கும் அன்றுதான். பெரும்பாலான குடும்பங்களுக்குச் சாதாரணப் பதிவே போதும் என்போம். வழக்கறிஞர் பார்த்துச் சரிசெய்த உயில் என்றால் மட்டும் உறை வழி.

சென்னை எல்லைக்குள் எழுதிய அல்லது அங்கே உள்ள அசையாச் சொத்தைப் பற்றிய இந்துக்களின் உயிலுக்கு நீண்ட காலம் உயர் நீதிமன்றத்தில் புரோபேட் (உயில் மெய்யானது என்ற நீதிமன்றச் சான்று) வாங்குவது கட்டாயமாக இருந்தது. 2025 டிசம்பரில் நிறைவேறிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம், அதற்குக் காரணமான இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 213-ஐ எடுத்துவிட்டது. வாரிசுகளுக்குள் எதிர்ப்பு இருந்தால் விரும்பிப் புரோபேட் வாங்கிக்கொள்ளும் வழி இப்போதும் திறந்தேதான் இருக்கிறது.

எழுதியவர் காலமான பிறகு, இறப்புச் சான்றோடு விண்ணப்பித்தால் புத்தகம் 3-இலிருந்து யாரும் சான்றிட்ட நகல் வாங்கலாம். பதியாமல் விட்டுப்போன உயிலையும் நிறைவேற்றுநரோ (உயிலை நிறைவேற்ற அதில் நியமித்தவர்) பங்கு வாங்குபவரோ அப்போது கொண்டுபோய்ப் பதியலாம்; விசாரணை நடத்தித்தான் பதிவார்கள். பிறகு வட்டாட்சியரிடம் பட்டா மாற்றம், உள்ளாட்சியில் சொத்துவரிப் பெயர் மாற்றம், மின் இணைப்பு, வங்கி என்று வரிசையாகப் போக வேண்டும். பல இடங்களில் உயிலோடு வாரிசுச் சான்றிதழும் கேட்பார்கள், ஆகவே அதற்கும் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. மற்ற வாரிசுகள் ஆட்சேபம் தெரிவித்தால் வட்டாட்சியர் சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார். அங்கே முதல் நாளே கேட்கப்போவது சாட்சிகளின் இப்போதைய முகவரியைத்தான். அதை உயிலின் நகலோடு ஒரு தாளில் எழுதிவைத்து, அவர்கள் வீடு மாறும்போதெல்லாம் திருத்திக்கொண்டு வாருங்கள்.